விமானம் ஏன் இவ்வளவு வேகமா போகுது? ஃப்ளைட் சிமுலேட்டரில் ‘டிராக்’ எண்ணைச் சரிசெய்வது எப்படி?

ஃப்ளைட் சிமுலேட்டர் ஓட்டுபவர்கள் பலருக்கும் ஒரு கட்டத்தில் இந்தச் சந்தேகம் வரும். எடுத்துக்காட்டாக, இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஒரு செஸ்னா 172எஸ் விமானத்தை டவுன்லோடு செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கடலை ஒட்டித் தாழப் பறந்தபடி த்ராட்டிலை முழுவதும் தள்ளினால், வேகமானி 135 நாட் காட்டுகிறது. நிஜ விமானத்தின் கையேட்டிலோ கடல் மட்டத்தில் அதிகபட்ச வேகம் 126 நாட், அதாவது மணிக்குச் சுமார் 233 கி.மீ. என்றுதான் இருக்கிறது.

‘9 நாட் வித்தியாசம்தானே, போனால் போகட்டும்’ என்று விடுபவர்கள் உண்டு. விட மனசு வராதவர்கள் விமானத்தின் ஃபைலைத் திறந்து, ‘டிராக்’ என்று போட்டிருக்கும் எண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள். ஒருவழியாக வேகம் 126க்கு வந்துவிடும். ‘அவ்வளவுதான், சரியாயிடுச்சு’ என்று ஃபைலை மூடிவிடுவார்கள்.

உண்மையில் பாதி நேரம் அது சரியாகியிருக்காது. வேகமானியில் ஒரு எண் பொருந்தியிருக்கும். ஆனால் விமானம் ஏறும் விதம், இறங்கும் விதம், எஞ்சின் நின்றால் மிதந்து போகும் தூரம் எல்லாம் கெட்டுப்போயிருக்கலாம். ஏன் அப்படி? டிராக் எண்ணைத் தொடுவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும்?

டிராக் என்றால் என்ன?

பறக்கும் விமானத்தின் மீது நான்கு விசைகள் வேலை செய்கின்றன. மேலே தூக்கும் லிஃப்ட், கீழே இழுக்கும் எடை, முன்னால் தள்ளும் த்ரஸ்ட், பின்னால் இழுக்கும் டிராக். பைக்கில் 40 கி.மீ. வேகத்தில் போகும்போது காற்று முகத்தைத் தடவிக்கொண்டு போகும். அதே பைக்கில் 80ஐத் தொட்டால் நெஞ்சில் கைவைத்துத் தள்ளுவதுபோல் இருக்கும். வேகம் இரண்டு மடங்கு ஆனால், காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்கு ஆகிறது. அந்தத் தள்ளல்தான் டிராக்.

விமானத்தில் இது முக்கியமாக இரண்டு வகை. முதலாவது ‘பாராசைட் டிராக்’. விமானத்தின் உடல், சக்கரங்கள், ஆன்டெனா, இறக்கையைத் தாங்கும் கம்பிகள் ஆகியவை காற்றைக் கிழித்துக்கொண்டு போவதால் வருவது. மேலே சொன்ன பைக் கணக்கு இதற்கு அப்படியே பொருந்தும். செஸ்னா 172இல் சக்கரங்கள் உள்ளே மடங்காது, இறக்கைக்குக் கீழே தாங்கு கம்பிகளும் உண்டு என்பதால் இந்த வகை டிராக் அதற்குக் கொஞ்சம் தாராளம்.

இரண்டாவது ‘இன்ட்யூஸ்டு டிராக்’. இது இறக்கை கொடுக்கும் லிஃப்டுக்கு விமானம் கட்டும் வாடகை. வேகம் குறையக் குறைய, அதே எடையைத் தூக்கிப் பிடிக்க மூக்கை மேலே நிமிர்த்த வேண்டியிருக்கிறது. அப்போது இந்த டிராக் கூடும். வேகம் இரண்டு மடங்கானால் இது கால் பங்காகக் குறைந்துவிடும்.

ஆக, ஒன்று வேகத்தோடு ஏறுகிறது. மற்றது வேகத்தோடு இறங்குகிறது. இரண்டும் சமமாகும் வேகத்தில்தான் மொத்த டிராக் மிகக் குறைவு. எஞ்சின் நின்றுபோனால் அதிக தூரம் மிதக்க உதவும் வேகமும் அதை ஒட்டியே இருக்கும். முழு எடையில் (2,550 பவுண்டு) 172எஸ் விமானத்துக்குக் கையேடு சொல்லும் அந்த வேகம் 68 நாட்.

அந்த எண் எந்த ஃபைலில் இருக்கிறது?

2006இல் வந்த மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸில், ஒவ்வொரு விமானத்தின் ஃபோல்டரிலும் ‘ஏர்கிராஃப்ட் டாட் சிஎஃப்ஜி’ என்ற ஃபைல் இருக்கும். நோட்பேடிலேயே திறக்கலாம். அதில் ‘ஃப்ளைட் ட்யூனிங்’ என்ற பகுதிக்குள் ‘பாராசைட் டிராக் ஸ்கேலர்’, ‘இன்ட்யூஸ்டு டிராக் ஸ்கேலர்’ என இரண்டு வரிகள் இருக்கும். 1.0 என்றால் விமானத்தை வடிவமைத்தவர் கொடுத்த அடிப்படை டிராக் அப்படியே இருக்கிறது என்று பொருள். 1.1 என்றால் 10% அதிகம், 0.9 என்றால் 10% குறைவு.

அசோபோ ஸ்டுடியோ உருவாக்கி 2020 ஆகஸ்ட்டில் வெளியான புதிய மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் இந்த வரிகள் ‘ஃப்ளைட் மாடல் டாட் சிஎஃப்ஜி’ ஃபைலுக்கு இடம் மாறின. ஆனால், மார்க்கெட்பிளேஸில் காசு கொடுத்து வாங்கிய விமானங்கள் பலவற்றில் இந்த ஃபைல் பூட்டப்பட்டிருக்கும்.

ஆஸ்டின் மேயர் உருவாக்கிய எக்ஸ்-பிளேன் வேறு வழியில் போகிறது. இறக்கையைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் மீதும் காற்று என்ன செய்கிறது என்று தொடர்ந்து கணக்குப் போடும். அங்கே உடலின் டிராக்கை மாற்ற ‘பிளேன் மேக்கர்’ என்ற தனி மென்பொருள் இருக்கிறது. இலவச சிமுலேட்டரான ஃப்ளைட்கியரில் ‘ஒய்ஏசிம்’ முறையைப் பயன்படுத்தினால், விமானம் எந்த வேகத்தில் பறக்கும், எந்த வேகத்தில் தரையிறங்க வரும் என்று நாம் சொன்னால் போதும். அதற்குப் பொருந்தும் டிராக்கை அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும்.

வழிகள் வேறானாலும் கேள்வி ஒன்றுதான்: நாம் கொடுக்கும் எண் நிஜ விமானத்தோடு ஒத்துப்போகிறதா?

7% வேகத்துக்கு 7% போதாது, ஏன்?

135 நாட் என்பது 126ஐவிடச் சுமார் 7% அதிகம். எனவே டிராக்கையும் 7% கூட்டி 1.07 என்று போட்டால் போதும் என்றே முதலில் தோன்றும். போட்டுப் பார்த்தால் வேகம் 132இல் நிற்கும்.

காரணம் இதுதான். டிராக், வேகத்தின் இருமடியைப் பொறுத்து ஏறுகிறது. அந்த டிராக்கை எதிர்த்து விமானத்தைத் தள்ளத் தேவைப்படும் குதிரைத்திறனோ வேகத்தின் மும்மடியைப் பொறுத்து ஏறுகிறது. எனவே எஞ்சின் சக்தி மாறாமல் வேகத்தை 135இலிருந்து 126க்குக் கொண்டுவர வேண்டுமென்றால், 135ஐ 126ஆல் வகுத்து, வரும் விடையை மூன்று முறை பெருக்க வேண்டும். விடை சுமார் 1.23. அதாவது பாராசைட் டிராக்கை 23% கூட்ட வேண்டும். முழு வேகத்தில் இன்ட்யூஸ்டு டிராக்கின் பங்கு குறைவு என்பதால் இந்தத் தோராயக் கணக்கே போதுமானது.

ஆனால், 23% என்பது சின்ன மாற்றம் அல்ல. அதைப் போடுவதற்கு முன் ‘தப்பு டிராக்கில்தான் இருக்கிறதா?’ என்று கேட்டுக்கொள்வது நல்லது.

முதலில் மீட்டரைச் சந்தேகப்படுங்கள்

பலர் தடுக்கி விழும் இடம் இது. செஸ்னா 172எஸ், 8,500 அடி உயரத்தில் 75% சக்தியில் 124 நாட் வேகத்தில் பறக்கும் என்கிறது செஸ்னா. சிமுலேட்டரில் அதே உயரத்துக்குப் போய்ப் பார்த்தால் வேகமானி 109 நாட் அளவில்தான் காட்டும். ‘அய்யோ, விமானம் ஸ்லோவா இருக்கே’ என்று டிராக்கைக் குறைத்துவிடுவார்கள்.

விமானத்தில் தவறே இல்லை. வேகமானி அளப்பது, மோதும் காற்றின் அழுத்தத்தை. உயரம் கூடக் கூட காற்று மெலிந்துவிடுவதால், அது காட்டும் வேகம் உண்மையான வேகத்தைவிடக் குறைவாக இருக்கும். 8,500 அடியில் 124 நாட் உண்மை வேகம், முள்ளில் ஏறக்குறைய 109 ஆகத்தான் தெரியும். கையேடு சொல்வது உண்மை வேகத்தை.

அதேபோல் வானிலையையும் பார்க்க வேண்டும். சிமுலேட்டரில் நிஜ வானிலை ஓடிக்கொண்டிருந்தால் சோதனைக்கு அர்த்தமில்லை. காற்று பூஜ்ஜியம், கடல் மட்டத்தில் வெப்பம் 15 டிகிரி செல்சியஸ், அழுத்தம் 1013.25 ஹெக்டோபாஸ்கல் என்று வைத்துக்கொள்ள வேண்டும். விமானத்தின் எடையும் கையேட்டில் சொல்லியிருக்கும் எடையாக இருக்க வேண்டும்.

எஞ்சினை அணைத்துப் பாருங்கள்

நேராகப் பறக்கும் விமானத்தின் வேகத்தை எஞ்சினும் டிராக்கும் சேர்ந்து முடிவுசெய்கின்றன. ஒரே ஒரு எண்ணை வைத்துக்கொண்டு தப்பு யாருடையது என்று சொல்ல முடியாது. எனவே இருவரில் ஒருவரை வெளியே அனுப்பிவிட்டுச் சோதிக்க வேண்டும். எஞ்சினை வெளியே அனுப்புவது சுலபம்.

6,000 அடிக்கு ஏறி, மிக்ஸ்சர் லீவரை இழுத்து எஞ்சினை நிறுத்த வேண்டும். ஐடிலில் விட்டால் போதாது. அப்போதும் எஞ்சின் கொஞ்சம் சக்தி கொடுத்துக்கொண்டுதான் இருக்கும். ஃப்ளாப்பை உயர்த்திய நிலையில் வைத்து, வேகத்தை 68இல் நிலைநிறுத்தி, 5,000 அடியிலிருந்து 4,000 அடிக்கு இறங்குவதற்குள் எவ்வளவு தூரம் போகிறது என்று ஜிபிஎஸ்ஸில் பார்க்க வேண்டும். நிஜ 172எஸ் ஒவ்வொரு 1,000 அடி இறக்கத்துக்கும் சுமார் 1.5 கடல் மைல், அதாவது 2.8 கி.மீ. போகும். வேறு விதமாகச் சொன்னால், ஒரு அடி இறங்க 9 அடி முன்னே போகும். இந்த விகிதம் லிஃப்டுக்கும் டிராக்குக்கும் உள்ள விகிதமே. எஞ்சின் எவ்வளவு பெரியது என்பதற்கு இதில் இடமே இல்லை.

நீங்கள் டவுன்லோடு செய்த விமானம் 1.5க்குப் பதில் 2.3 கடல் மைல் போனால், அதன் டிராக் நிஜத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் இருக்கிறது. அப்போது டிராக் எண்ணைத் தொடலாம்.

எந்த டிராக்கை? 55, 68, 85 நாட் என மூன்று வேகங்களில் இதே சோதனையைச் செய்தால் தெரிந்துவிடும். அதிக தூரம் போவது 68ஐ ஒட்டி இருந்தால், இரண்டு டிராக்குகளும் சரியான விகிதத்தில்தான் இருக்கின்றன. இரண்டையும் ஒரே அளவில் மாற்றலாம். 68ஐவிட வேகமாகப் போகும்போது அதிக தூரம் மிதந்தால் பாராசைட் குறைவாகவோ, இன்ட்யூஸ்டு அதிகமாகவோ இருக்கிறது. மெதுவாகப் போகும்போது அதிக தூரம் மிதந்தால் நேர் எதிர்.

குற்றவாளி யார்: டிராக்கா, எஞ்சினா?

மிதக்கும் சோதனையில் விமானம் சரியாக 1.5 கடல் மைல் போகிறது, முழு வேகமோ 135 நாட் என்றால்? டிராக் நிரபராதி. எஞ்சின்தான் அளவுக்கு மீறித் தள்ளுகிறது. அல்லது புரொப்பல்லர், கிடைக்கும் சக்தியை வேண்டியதைவிட அதிகமாக உந்துவிசையாக மாற்றுகிறது.

172எஸ் விமானத்தின் எஞ்சின் 180 குதிரைத்திறன் கொண்டது. 23% அதிகம் என்றால் சுமார் 221 குதிரைத்திறன். அந்தக் கூடுதல் சக்தி வேகமானியில் மட்டும் தெரியாது, ஏறும்போதும் தெரியும். முழு எடையில், கடல் மட்டத்தில் இந்த விமானம் நிமிடத்துக்கு 730 அடி ஏற வேண்டும். 41 குதிரைத்திறன் கூடுதலாக இருந்தால், அது 1,100 அடியைத் தாண்டிவிடும்.

இந்த நிலையில் டிராக்கைக் கூட்டி வேகத்தை 126க்கு இறக்கினால் என்ன ஆகும்? வேகமானி சரியாகிவிடும். ஆனால் ஏறும் விகிதம் அப்போதும் கையேட்டைவிட அதிகமாகவே இருக்கும். நன்றாக மிதந்துகொண்டிருந்த விமானம் இப்போது முன்கூட்டியே தரைக்கு வந்துவிடும். அதிக தூரம் மிதக்கும் வேகமும் 68இலிருந்து 65க்குப் பக்கத்தில் நகர்ந்துவிடும். ஒரு தப்பை மறைக்கப் போய் மூன்று தப்புகள்.

அதனால்தான் அனுபவசாலிகள் ஒரு வரிசை வைத்திருக்கிறார்கள்: முதலில் எஞ்சின் இல்லாமல் மிதத்தல், அடுத்து ஏறும் விகிதம், கடைசியாக முழு வேகம். ஃப்ளாப், மடங்கும் சக்கரம் ஆகியவற்றுக்கான டிராக் எண்கள் தனி வரிகளில் இருக்கின்றன. அடிப்படை டிராக் சரியான பிறகே அவற்றைத் தொட வேண்டும். ஃப்ளாப் இறக்கியதும் விமானம் போதுமான அளவு வேகம் குறையவில்லை என்பதற்காக பாராசைட் டிராக்கைக் கூட்டுவது, ஒரு ஜன்னல் இறுக்கமாக இருக்கிறது என்று வீட்டுச் சுவரை இடிப்பது மாதிரி.

அதே கணக்கு, 69 உயிர்கள்

‘கேம்தானே, இதுக்கு எதுக்கு இவ்வளவு கணக்கு?’ என்று தோன்றலாம். 1983 ஜூலை 23 அன்று கனடாவில் இதே கணக்கை இரண்டு விமானிகள் நிஜ வானத்தில் போட வேண்டி வந்தது.

ஏர் கனடாவின் 143ஆம் எண் விமானம், ஒரு போயிங் 767. எரிபொருளை நிரப்பும்போது கிலோகிராமுக்கும் பவுண்டுக்கும் இடையே நடந்த குழப்பத்தால், தேவையானதில் பாதிக்கும் குறைவான எரிபொருளோடு புறப்பட்டுவிட்டது. 41,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தபோது எரிபொருள் தீர்ந்து, இரண்டு எஞ்சின்களும் நின்றன.

கேப்டன் பாப் பியர்சன் கிளைடர் ஓட்டிப் பழகியவர். எஞ்சின் இல்லாத 767 எந்த வேகத்தில் அதிக தூரம் மிதக்கும் என்பதற்குக் கையில் விடை இல்லை; அவர் 220 நாட் என்று கணித்து அதைப் பிடித்துக்கொண்டார். துணை விமானி மாரிஸ் குவின்டல், இறங்கிய உயரத்தையும் தரைக் கட்டுப்பாட்டு நிலையம் சொன்ன தூரத்தையும் ஒப்பிட்டார். 10 கடல் மைல் போவதற்குள் 5,000 அடி இறங்கியிருந்தது. அதாவது ஒரு அடி இறங்க 12 அடி முன்னே. இந்தக் கணக்குப்படி வின்னிபெக் விமான நிலையத்துக்குப் போய்ச் சேர முடியாது என்று தெரிந்தது. எனவே பழைய விமானப் படைத் தளமான கிம்லிக்குத் திருப்பினார்கள்.

அங்கே நேர் எதிரான பிரச்சினை. உயரம் அதிகமாக இருந்தது, டிராக் போதவில்லை. இறங்கும்போது வேகத்தைக் குறைக்க உதவும் ஃப்ளாப்கள் எஞ்சின் சக்தி இல்லாததால் வேலை செய்யவில்லை. பியர்சன், கிளைடர் விமானிகள் செய்வதுபோல் விமானத்தை ஒருபக்கம் சாய்த்து, ரடரை எதிர்ப்பக்கம் மிதித்து, அதன் உடலையே காற்றுக்குக் குறுக்கே நிறுத்தினார். டிராக் கூடியது, விமானம் ஓடுபாதையில் இறங்கியது. உள்ளே இருந்த 69 பேரும் உயிர் பிழைத்தார்கள். ‘கிம்லி கிளைடர்’ என்ற பெயர் அந்த விமானத்துக்கு நிலைத்துவிட்டது.

வீட்டு சிமுலேட்டரில் என்ன ஆபத்து?

விமான நிறுவனங்களின் பயிற்சி சிமுலேட்டர்களில் இந்த எண்களை யாரும் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏவின் ‘பார்ட் 60’ விதிப்படி, நிஜ விமானத்தைப் பறக்கவிட்டுச் சேகரித்த தரவுகளோடு சிமுலேட்டரை ஒப்பிட வேண்டும். வழக்கமான ஏறும் சோதனையில் வேகம் 3 நாட் அளவுக்குள்ளும், ஏறும் விகிதம் 5% அல்லது நிமிடத்துக்கு 100 அடிக்குள்ளும் பொருந்த வேண்டும். ஒரே சோதனை போதாது. புறப்படுதல், ஏறுதல், பறத்தல், இறங்குதல், நிற்றல் என ஒவ்வொன்றுக்கும் தனிச் சோதனை உண்டு.

வீட்டு சிமுலேட்டருக்கு அப்படி ஒரு காவலர் இல்லை. ஆனால் விமானப் பயிற்சியில் சேர்ந்திருக்கும் இளைஞர்கள் பலர் மாலையில் வீட்டில் உட்கார்ந்து பழகுவது இதில்தான். மேலே சொன்ன, டிராக் குறைவான செஸ்னாவில் பழகிய ஒருவரை எடுத்துக்கொள்வோம். தரையிலிருந்து 3,000 அடி உயரத்தில் எஞ்சின் நின்றால், சுமார் 12.8 கி.மீ. தூரத்தில் இருக்கும் ஓடுபாதையை எட்டிவிடலாம் என்று அவர் கண்ணுக்குப் பழகியிருக்கும். நிஜ விமானம் 8.3 கி.மீ. தான் போகும். அந்த நாலரை கி.மீ. இடைவெளியில் கீழே என்ன இருக்கிறதோ, அங்கேதான் இறங்க வேண்டியிருக்கும்.

மாற்றப் போகிறீர்களா? இவற்றை மறக்காதீர்கள்

* ஒரிஜினல் ஃபைலை முதலில் காப்பி எடுத்து வேறு ஃபோல்டரில் வையுங்கள். சிமுலேட்டர் அப்டேட் ஆகும்போது நீங்கள் செய்த மாற்றம் அழிந்துபோக வாய்ப்புண்டு. மாற்றிய ஃபைலுக்கும் ஒரு காப்பி வேண்டும்.

* ஒரு முறைக்கு ஒரு எண்ணை மட்டும் மாற்றுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

* ஃபைலைச் சேமித்த பிறகு விமானத்தை மறுபடியும் லோடு செய்யுங்கள். பழைய எண்ணிலேயே பறந்துவிட்டு ‘ஒண்ணும் மாறலையே’ என்று மேலும் கூட்டிவிடுபவர்கள் அதிகம்.

* ஒரு ஸ்கேலரை 0.7க்குக் கீழேயோ 1.4க்கு மேலேயோ கொண்டுபோக வேண்டிய நிலை வந்தால் கொஞ்சம் நில்லுங்கள். எடை, இறக்கைப் பரப்பு, எஞ்சின் அளவு போன்ற வேறு எதிலோ தப்பு இருக்க வாய்ப்பு அதிகம்.

* திருத்திய விமானத்தை மற்றவர்களுக்குக் கொடுப்பதாக இருந்தால், எந்த எடையில், எந்த உயரத்தில், எந்தெந்த வேகங்களில் சோதித்தீர்கள் என்று ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைலில் எழுதிச் சேர்த்துவிடுங்கள். சோதிக்காதது எது என்பதையும் அதில் குறிப்பிடுங்கள். அதை வைத்துப் பழகப் போகிறவருக்கு, எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று தெரிய வேண்டும்.